நாற்காலிக்குள் புதையல்

"பன்னிரண்டு நாற்காலிகள்" என்கின்ற ஒரு சிரிப்புப் படத்தைச் சமீபத்தில் நாம் பார்த்தோம். அது 1970-ம் வருஷத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த மெல் புரூக்ஸ் என்கின்ற ஹாஸ்ய நடிகரால் எடுக்கப்பட்ட இங்கிலீஷ் படம். கதையோ ருஷிய தேசத்துக் கதை. இல்ஃப், பெத்ரோவ் என்கின்ற இரண்டு ருஷிய எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதி 1928-ல் வெளிவந்த நாவலே அதற்கு மூலம். இப்படத்தைப் பார்த்தவர்களில் பலர் "நன்றாய்ச் சிரித்தோம், பொழுது போயிற்று" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். சிரிப்பதில் நமக்கு யாதொரு ஆக்ஷேபணையும் இல்லை. நாமும் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான். ஆனால் யாரைப் பார்த்துச் சிரித்தோம், எதற்காகச் சிரித்தோம் என்பதைச் சற்று நிதானித்து யோசித்துப் பார்த்தால், அந்தச் சிரிப்பில் பாதி நம்மைப் பார்த்தே சிரித்ததாக முடிகிறது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதலாமென்று நினைக்கிறோம்.

முதலில் கதையைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறோம்.

காலம் 1927. ருஷியாவில் புரட்சி நடந்து பத்து வருஷமாகிவிட்டது. ஜார் காலத்தில் பெரிய பிரபுவாயிருந்த வொரோபியானினோவ் என்பவர் ஒரு சிறு ஊரில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவாகக் காலந்தள்ளிக் கொண்டிருக்கிறார். அவருடைய மாமியார் சாகுந்தறுவாயில் அவரைக் கூப்பிட்டு ஒரு இரகசியத்தைச் சொல்லுகிறாள். புரட்சிக்காரர்கள் கையில் அகப்படாமலிருப்பதற்காகக் குடும்ப நகைகளையெல்லாம் வீட்டிலிருந்த பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றின் மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறாள். பிரபு உடனே வேலையைப் போட்டுவிட்டு நாற்காலி தேடப் புறப்படுகிறார். வழியில் ஓஸ்தாப் பெண்டர் என்கின்ற கைகாரன் ஒருவன் சங்கதியைக் கறந்து பங்காளியாகிறான். அந்த அம்மாளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போன பியோதர் என்கின்ற பாதிரியும் தன் பங்குக்குத் தனியாகக் கிளம்பிவிடுகிறார். நாற்காலிகளோ சர்க்கார் எடுத்துக்கொண்டு பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தவை. ஆகவே மூவரும் ஊர் ஊராய் அலைந்து, கண்ட நாற்காலியையெல்லாம் கிழித்து, உடைத்து, பஞ்சையும் கம்பிச் சுருளையும் வாரியிறைத்துக்கொண்டு போகிறார்கள். இதுதான் கதை.

நிற்க, இந்த நகைகள் யாருடையவை? படம் பார்க்கும்போது இந்தக் கேள்வியே பலருக்குத் தோன்றுவதில்லை. "பாவம், அவர் குடும்பத்துச் சொத்து, அவருக்குத்தானே சேரவேண்டும்" என்று மனசு தானாகவே சொல்லிவிடுகிறது. அவ்வளவு தூரம் நமக்குச் சொத்துப் பக்தி ஊறிப்போயிருக்கிறது. வொரோபியானினோவ் அந்த நகைகளை உழைத்துச் சம்பாதித்தவர் அல்ல. அவருடைய மாமியாரும் சம்பாதித்தவள் அல்ல. ருஷியப் பிரபுக்கள் என்றால் யார்? 1861-ம் வருஷம் வரையில் குடியானவர்களை நிலத்தோடு சேர்த்து ஆடுமாடு போல் உடைமையாய் வைத்திருந்த கூட்டத்தார். 1861-ல் அடிமைத்தனம் எடுபட்டது என்று சட்டம் வந்த பிறகாவது குடியானவன் சும்மா விடப்பட்டானா என்றால், அதுவும் இல்லை. தான் தலைமுறை தலைமுறையாய் உழுத நிலத்துக்கே அவன் விலை கொடுக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்து, நாற்பது வருஷத்துக்கு மேலாக அவனிடம் தவணைப் பணம் வாங்கினார்கள். அந்தத் தவணைகள் 1907-ம் வருஷத்தில்தான் நிறுத்தப்பட்டன. அப்படியிருக்க, ஒரு பிரபு வீட்டு அம்மாளின் கழுத்தில் வைரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுமா? அவ்வளவும் எத்தனையோ குடும்பங்களின் உழைப்பு. அது அந்த அம்மாள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டபோதுதான் அதற்குக் "குடும்பச் சொத்து" என்று பெயர் வந்தது.

சட்டத்தைப் பார்த்தாலும் அவருக்கு அங்கே இடமில்லை. 1918-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சோவியத் சர்க்கார் பரம்பரைச் சொத்துரிமையையே எடுத்துவிட்டு ஓர் ஆக்கினை பிறப்பித்தது. பிறகு 1922-ம் வருஷத்துச் சிவில் சட்டத்தில் பதினாயிரம் தங்க ரூபிள் வரையில் வாரிசு அடையலாமென்று இடங்கொடுத்தார்கள். 1926-ல் அந்த வரம்பும் போயிற்று. இப்படிப் பத்து வருஷத்துக்குள் சட்டம் மூன்று விதமாய் மாறியதிலிருந்து ஒன்று தெரிகிறது. வாரிசு உரிமை என்பது ஆகாயத்திலிருந்து விழுந்த தர்மம் அல்ல. மனிதர்கள் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், வேண்டுமென்றால் மாற்றி வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் நம்மை நாஸ்திகரென்று சிலர் சொல்லக்கூடும். சொத்து விஷயத்தில் நாஸ்திகம் எங்கே வந்தது என்றுதான் நமக்கு விளங்கவில்லை.

இனி, பாதிரியாரைக் கவனிப்போம். சாகப்போகிற ஒரு கிழவி, தன் பாவத்தைக் கடவுளிடம் எடுத்துச் சொல்லும்படி இவரிடம் ஒப்புக்கொள்ளுகிறாள். அப்படிக் கேட்டதை எந்தக் காரணத்தைக்கொண்டும் வெளியிடக்கூடாதென்பது அவர்கள் மதத்தின் மிகப் பெரிய கட்டளை. நமது பாதிரியார் கட்டளையை அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறார். ஒருவரிடமும் வெளியிடவில்லை. பங்குக்கு ஆள் வந்துவிடுமே! நாவலில் அவர் தாடியைச் சிரைத்து, தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டு, இரவோடிரவாய் ஊரைவிட்டுப் புறப்படுகிறார். வருஷக்கணக்காய் ஜனங்களுக்கு அவர் செய்து வந்த பிரசங்கம் என்ன? பூமியில் பொக்கிஷம் சேர்க்காதீர்கள், பரலோகத்தில் சேருங்கள் என்பதுதானே? அந்தப் பரலோகப் பொக்கிஷத்தை எட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லையாதலால் அதை ஊராருக்கு விட்டுக்கொடுப்பதில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பூலோகத்தில் ஒரு நாற்காலிக்குள் வைரம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் பரலோகம் எங்கே போயிற்று? இத்தனைக்கும் அவருடைய மனோராஜ்யமெல்லாம் என்னவென்றால், கிடைக்கிற பணத்தில் ஒரு சிறு மெழுகுவர்த்திக் கம்பெனி வைக்கவேண்டுமென்பது! கோவிலில் கொளுத்துகிற மெழுகுவர்த்தியையும் தாமே செய்து தாமே விற்றுவிட வேண்டுமென்ற எண்ணம். பக்தியை வியாபாரமாக நடத்துகிறவர்களென்று நாம் சொன்னால் கோபித்துக்கொள்ளுகிறவர்கள் இந்த இரண்டு ருஷியர்களிடம் போய்க் கோபித்துக்கொள்ளட்டும்.

படத்தில் பெண்டர், நாற்காலிகளைப் பற்றிய தஸ்தாவேஜுகளைக் கவனிக்கிற உத்தியோகஸ்தன் போல் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இந்தப் பாதிரியாரை ஏமாற்றி, நாற்காலி எல்லாம் சைபீரியாவில் ஒரு என்ஜினீயர் வீட்டில் இருக்கின்றனவென்று அனுப்பிவைக்கிறான். அவரும் நம்பிப் போகிறார். மேஜைக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்து சொன்னால் அது உண்மை என்று நம்புவது, வாழ்நாளெல்லாம் பீடத்தின் மேல் நின்று பேசி ஜனங்களை நம்பவைத்தவருக்கு ஏற்ற தண்டனைதான். கடைசியில் அந்த என்ஜினீயரின் நாற்காலிகளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, உடைத்துப் பார்த்து, ஒன்றுமில்லாமல் மலையுச்சியில் ஏறி இறங்க வழியில்லாமல் நிற்கிறார். அங்கே நின்றுகொண்டு கடவுளைக் கூப்பிடுகிறார். நாவலிலோ அவருக்குப் புத்தி பேதலித்துப்போய், தீயணைக்கும் படையார் வந்து இறக்கவேண்டியதாகிறது. எவ்வளவு கூப்பிட்டும் வராத உதவி ஏணியோடு வந்த மனிதர்களிடமிருந்துதான் வந்தது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

இன்னொரு பாத்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மெல் புரூக்ஸே அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவன் பெயர் தீகோன், பிரபுவின் பழைய வேலைக்காரன். பெருங்குடிகாரன். எஜமானைத் திரும்பக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறான். தன் எஜமான் எவ்வளவு நல்லவர் என்று அவன் உருகுவதற்குக் காரணம், அவர் தங்களை அதிகமாய் அடித்ததில்லை என்பதுதான்! கொட்டகையில் எல்லோரும் கொல்லென்று சிரிக்கிறார்கள். நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நிமிஷத்தில் வாய் மூடிக்கொண்டது. படம் முழுவதிலும் நமக்கு மிகவும் வருத்தத்தைக் கொடுத்த ஆள் இவன்தான். பிரபுவுக்குப் பட்டம் போய்விட்டது, நிலம் போய்விட்டது, வீடு போய்விட்டது. இவனுக்கு விலங்கு போய்ப் பத்து வருஷமாகியும் அதன் தழும்பைத் தடவிக்கொண்டு "அந்தக் காலம் வருமா" என்று ஏங்குகிறான். அடிக்கிறவன் திருந்துவதைவிட, குறைவாக அடித்ததற்கு நன்றி செலுத்துகிறவன் திருந்துவதுதான் கஷ்டம். சட்டத்தினால் ஒருவனுக்கு விடுதலையைக் கொடுத்துவிடலாம். மானத்தை அவனேதான் தேடிக்கொள்ளவேண்டும்.

இனி இந்தத் தேட்டத்தின் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு நாற்காலியில் ஒன்றில் நகை இருக்கிறது. முதல் நாற்காலியை உடைக்கும்போது பன்னிரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அது காலியென்றால் பதினொன்றில் ஒன்று. அதுவும் காலியென்றால் பத்தில் ஒன்று. ஆகவே தோற்கத் தோற்க நம்பிக்கை குறையவேண்டியதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறது. கணக்கின்படி இது சரிதான். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு ஆணியில் தொங்குகிறது. அதாவது, நகை இன்னமும் ஏதோ ஒரு நாற்காலியில் இருக்கிறது என்பது. அதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? பத்து வருஷமாய்ப் பல கை மாறி, பலர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் வைத்தது வைத்தபடியே இருக்குமா என்று மூன்று பேரில் ஒருவராவது ஒரு தடவையாவது கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். அதைக் கேட்காமல் அடுத்த நாற்காலி எங்கே என்று மட்டுமே கேட்டுக்கொண்டு போனார்கள். வேண்டுதல் பலிக்காதவன் "வேண்டியது தப்போ?" என்று நினைக்காமல் "அடுத்த கோவிலுக்குப் போவோம்" என்று கிளம்புவதும் இந்தக் கணக்குத்தான். அடிப்படையைச் சோதிக்காத நம்பிக்கை ஒவ்வொரு தோல்வியையும் தனக்கு ஒரு ருசுவாகவே எடுத்துக்கொள்ளும்.

முடிவில் என்னவாயிற்று? பன்னிரண்டாவது நாற்காலி மாஸ்கோவில் ரயில்வேத் தொழிலாளர்களுடைய சங்க மாளிகையில் இருக்கிறது. இரவில் திருட்டுத்தனமாய் நுழைந்து பார்த்தால் அதுவும் காலி. அங்குள்ள காவற்காரக் கிழவன் வெகு சந்தோஷமாய்ச் சங்கதியைச் சொல்லுகிறான். நாவலில் அவன் சொல்லுவதாவது: விளக்கைக் கழற்றுவதற்காக அந்த நாற்காலிமேல் தானே ஏறினதாகவும், கால் வழுக்கித் துணி கிழிந்து உள்ளேயிருந்து ஏதோ கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் கொட்டினதாகவும், அவை பெருவிலையுள்ள நகைகளென்று பிறகு தெரிந்து, அந்தப் பணத்தைக்கொண்டே இந்த மாளிகை கட்டப்பட்டதாகவும் சொல்லுகிறான். நாடக மேடை, புத்தகசாலை, சதுரங்கம் விளையாட இடம், சிற்றுண்டிச்சாலை, குளிருக்கு நீராவிச் சூடு எல்லாம் அதில் இருக்கின்றன. வைரத்தைத் தேடி மாதக்கணக்காய் அலைந்தவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரியவில்லை. வைரமென்று தெரியாதவன் கையில் அது விழுந்து ஊருக்குப் பயன்பட்டது.

"இது அநியாயமல்லவா? ஒருவர் சொத்தை எடுத்து ஊருக்குக் கட்டிடம் கட்டலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு நாம் ஒன்று கேட்கிறோம். அந்த நகை அம்மாளின் கழுத்தில் இருந்தபோது எத்தனை பேருக்குப் பயன்பட்டது? ஒருவருக்கு, அதுவும் விருந்துக்குப் போகிற நாளில். நாற்காலிக்குள் இருந்தபோது? ஒருவருக்குமில்லை. பிரபு கையில் கிடைத்திருந்தால்? வெளிதேசத்துக்கு ஓடி, இருக்கிற காலத்தைக் குடியிலும் உடுப்பிலும் கழித்திருப்பார். சங்க மாளிகையான பிறகு, வேலை முடித்து வருகிற தொழிலாளி ஒருவன் அங்கே உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான். அதுவும் நாற்காலியில்தான் உட்காருகிறான். உட்காருவதற்காகச் செய்த நாற்காலியில் உட்காருகிறவன் அந்தக் கதையிலேயே அவன் ஒருவன்தான். யாருடைய உழைப்பிலிருந்து வைரம் போயிற்றோ அந்த வர்க்கத்தாரிடமே அது வேறு ரூபத்தில் திரும்பி வந்தது. இதை அநியாயமென்று சொன்னால், நியாயமென்பதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடிக்கவேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டியது நம் கடமை. இக்கதையை எழுதினவர்கள் பிரபுவையும் பாதிரியையும் மட்டும் பார்த்துச் சிரிக்கவில்லை. புதிய சர்க்காரின் ஆபீசுகளையும், கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் ஓர் அடி நகராத உத்தியோகஸ்தர்களையும், தர்ம ஸ்தாபனத்துப் பொருளைத் திருடி விற்கிற புதுப் பெரிய மனிதரையும் அதே அளவில் கேலி செய்தார்கள். அந்த நாவலின் அச்சிடுதலை 1948-ல் சோவியத் எழுத்தாளர் சங்கத்துத் தலைமை கண்டித்தது. 1956-ல்தான் அது மறுபடியும் அங்கே வெளிவந்தது. அதற்குள் எழுதின இருவரும் காலமாகிவிட்டார்கள். இல்ஃப் 1937-லும், பெத்ரோவ் 1942-லும் இறந்துபோனார்கள். பொதுஜனங்களின் பெயரால் ஆளுகிற ஒரு சர்க்கார், தன்னைப் பார்த்துப் பொதுஜனங்கள் சிரிப்பதைப் பொறுக்கமாட்டாவிட்டால், அதற்கும் பாதிரியார் பீடத்துக்கும் வித்தியாசம் என்ன? பொதுச் சொத்து என்பதை நாம் ஆதரிக்கிறோம். அதற்காக, அதன் சாவியை வைத்திருப்பவர்களைக் கும்பிடவேண்டுமென்று சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

இந்தக் கதையைப் பல தேசத்தார் படமெடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1936-லும், அமெரிக்காவில் 1945-லும் கதையை மாற்றி எடுத்தார்கள். கியூபாவில் புரட்சி முடிந்த கொஞ்ச காலத்திற்கெல்லாம், 1962-ல், தங்கள் நாட்டுக் கதையாகவே ஆக்கி எடுத்தார்கள். ருஷியாவிலும் 1971-ல் ஒன்றும் 1976-ல் ஒன்றுமாக எடுத்தார்கள். உலகமெல்லாம் இக்கதை செல்லுபடியாவதற்குக் காரணம், உழைக்காமல் ஒரு நாள் பணம் வந்து மடியில் விழும் என்கின்ற ஆசை எல்லாத் தேசத்திலும் இருப்பதுதான்.

ஆனால் முடிவு விஷயத்தில் நாவலுக்கும் மெல் புரூக்ஸ் படத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாவலில் வொரோபியானினோவ், பங்கு கொடுக்க மனமில்லாமல், கடைசி நாற்காலிக்கு முந்தின இரவில் தூங்குகிற பெண்டரின் கழுத்தைக் கத்தியால் அறுத்துவிடுகிறார். படத்தில் கொலை இல்லை. பெண்டர் பிரிந்து போகப் பார்க்கிறான். அப்போது பிரபு, உடைந்த நாற்காலியை ஆகாயத்தில் வீசியெறிந்துவிட்டு, நடுவீதியில் காக்காய் வலிப்பு வந்தவர்போல் விழுந்து துடிக்கிறார். முன்பு பிச்சைக்காக இந்த வேஷத்தைப் போடும்படி பெண்டர் வற்புறுத்தியபோது மானம் போகிறதென்று மறுத்தவர் அவரே. இப்போது தானாகவே விழுகிறார். பெண்டர் திரும்பி வந்து கூட்டம் கூட்டிக் காசு கேட்க ஆரம்பிக்கிறான். படம் முடிகிறது.

இதைச் சந்தோஷமான முடிவென்று சிலர் சொல்லுகிறார்கள். இரண்டு பேர் சிநேகிதர்களாகிவிட்டார்களாம். நாம் அப்படி நினைக்கவில்லை. கொலையைக் காட்டுவதில் ஓர் உண்மை இருந்தது. சொத்து ஆசை மனிதனை எதுவரையில் கொண்டுபோகும் என்பதை அது சொல்லிற்று. படத்து முடிவு சிரிக்கச் சிரிக்க அதைவிடக் கசப்பான ஒன்றைச் சொல்லுகிறது. ஆபீசில் ஒரு வேலையும் உட்கார ஒரு நாற்காலியும் இருந்த மனிதன், இல்லாத நாற்காலியைத் தேடிப் போய், கடைசியில் வீதியில் புரண்டு பிழைக்கிறான். அவனுக்கு நோய் இல்லை, கை கால் குறைவில்லை. வேலை செய்து பிழைக்கலாமென்கின்ற நினைப்பு மட்டும் அவன் மனசில் வரவேயில்லை. பாட்டன் சொத்து வரும் என்று காத்திருந்தவனுக்கு, அது வராது என்று தெரிந்த பிறகும், பிறர் கையை எதிர்பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. பிரபுவாயிருந்ததும் ஒருவகைப் பிச்சைதான், அப்போது கேட்காமலே கொடுத்தார்கள், இப்போது விழுந்து துடித்தால் கொடுக்கிறார்கள் என்று படமெடுத்தவர் நினைத்தாரோ இல்லையோ, பார்க்கிற நமக்கு அப்படித்தான் படுகிறது.

ஆதலால் வாசகர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம், இப்படம் அகப்பட்டால் பார்த்துவிடுங்கள். நன்றாய்ச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருவரும் தன் வீட்டையும் ஒரு தடவை சுற்றிப் பார்க்கட்டும். பெரியவர் கண்ணை மூடினால் வரப்போகிற பங்கை நம்பி வேலைக்குப் போகாதிருக்கிற பிள்ளை உண்டா? பாட்டி பெட்டியில் என்ன இருக்கிறதென்று ஒருவரையொருவர் வேவு பார்க்கிற அண்ணன் தம்பிகள் உண்டா? இருந்தால், அங்கேயும் பன்னிரண்டு நாற்காலி ஏற்கெனவே கிழிபட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிழிக்கிற கையை நிறுத்தி, "உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொண்டானானால், அவனுக்குக் கிடைக்கக்கூடிய புதையல் அந்தக் கேள்விதான் என்பது நமது அபிப்பிராயமாகும்.